எட்டுச் செலவு எப்போது என்று கேட்டேன்

தமிழ்ப் பாடசாலையின் ஆண்டு மலரில் "என் வேலை" என்று ஒரு பகுதி போடுகிறார்களாம். அதற்கு எழுதித் தரும்படி கேட்டார்கள். அவர்கள் எதிர்பார்ப்பது என் மொழிபெயர்ப்பாளர் காலத்தை என்பது எனக்குத் தெரியும். நீதிமன்றம், ஆஸ்பத்திரி, அகதி நேர்காணல் என்று இருபது வருடத்துக்கு மேல் தமிழுக்கும் நோர்வேஜிய மொழிக்கும் நடுவில் இருந்தவள் நான். இங்கே இந்த வேலையைத் "தொல்க்" என்பார்கள். அதை எழுதினால் எனக்கும் பெருமை, மலருக்கும் அழகு.

ஆனால் இப்போது படிப்பு முடித்து வருகிற எங்கள் பிள்ளைகளில் பலர், எங்கோ நடப்பதை ஒஸ்லோவில் கணினிக்கு முன்னால் இருந்து சரிபார்க்கிற வேலைகளுக்குத்தான் போகிறார்கள். அப்படி ஒரு வேலையை நானும் கொஞ்சக் காலம் செய்தேன். அதை நினைத்தால் இன்றைக்கும் முகத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. ஆகவே அதைத்தான் எழுதுகிறேன். மலரில் போட மனமில்லை என்றால் திருப்பித் தாருங்கள், கோபிக்க மாட்டேன்.

1. பந்தயம் என்று சொல்லக்கூடாது

தொல்க் வேலை மெல்ல மெல்லத் திரைக்குள் போய்விட்டது. முன்பெல்லாம் பஸ் ஏறிப் போய் மனிதர்களுக்கு நடுவில் இருந்து கதைப்போம். பிறகு வீட்டில் இருந்தே வீடியோவில். அதுவும் குறைந்தபோது, செய்திச் சரிபார்ப்பு நிறுவனம் ஒன்று மொழி தெரிந்தவர்களைத் தேடுவதாக அறிந்து விண்ணப்பம் போட்டேன்.

ரயில் நிலையத்திலிருந்து நடக்கிற தூரத்தில் அலுவலகம். கீழே பல் வைத்தியர், மேலே நாங்கள். பல் துளைக்கிற மெஷின் சத்தம் கூட்டங்களின் நடுவிலும் கேட்கும். அரபு, துருக்கி, சோமாலி என்று ஆளுக்கொரு மொழி. எனக்குத் தமிழ். பொறுப்பாளர் சின்ட்ரே என்ற நோர்வேஜியர், என் மூத்த மகனின் வயதுதான் இருக்கும். நல்ல பண்பு. வெள்ளிக்கிழமைகளில் எல்லோருக்கும் கறுவா பன் வாங்கி வருவார்.

முதல் நாள் அவர் எனக்கு வேலையை விளக்கினார். வாடிக்கையாளர்களில் பத்திரிகைகள் இருந்தன, காப்புறுதிக் கம்பனிகள் இருந்தன. பெரிய வாடிக்கையாளர் ஒரு கணிப்புச் சந்தை. அதாவது இணையத்தில் ஒரு கேள்வி போடுவார்கள். இந்த அமைச்சர் பதவி விலகுவாரா? இந்த வேலைநிறுத்தம் முடியுமா? ஆட்கள் "ஆம்" பக்கமோ "இல்லை" பக்கமோ காசு போடுவார்கள். "ஆம்" நாற்பதில் நிற்கிறது என்றால், அது நடக்க நூற்றுக்கு நாற்பது சந்தர்ப்பம் என்று அந்தக் கூட்டம் நினைக்கிறது. கடைசியில் நடந்ததா இல்லையா என்று ஒருவர் பார்த்துச் சொல்ல வேண்டும். அந்தப் பார்த்துச் சொல்கிற வேலைதான் எங்களுடையது.

"பந்தயம் என்ற சொல் இங்கே வேண்டாம்" என்றார் சின்ட்ரே. "அவர்கள் அதைப் பொசிஷன் என்பார்கள். அந்தக் கம்பனி வேறு நாட்டில் பதிவு செய்தது. ஒஸ்லோவில் ஒருவரும் காசு வாங்குவதில்லை. உண்மையைச் சொல்வது மட்டும்தான் எங்கள் வேலை, வசந்தி."

எனக்கு அது நன்றாகப் பிடித்தது. வீட்டுக்கு வந்து என் மனுசனுக்குச் சொன்னேன். லோறென்ஸ்கூக்கில் எங்கள் வீட்டு வாசலில் அவர் பனி தள்ளிக்கொண்டிருந்தார்.

"உது குதிரை றேஸ் தானே" என்றார்.

"குதிரை இல்லை. தேர்தல், மழை, பந்து விளையாட்டு. நாங்கள் நடந்ததைச் சொல்லுறம், அவ்வளவுதான்."

"அப்ப மனுசர் சாகிறதுக்குக் கட்ட மாட்டாங்களோ?"

"சும்மா விசர்க்கதை கதையாதேங்கோ" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்த் தேத்தண்ணீர் போட்டேன்.

விசர்க்கதை இல்லை என்பது இரண்டு மூன்று மாதத்திலேயே தெரிந்தது. எங்கோ நிலநடுக்கம் வந்தது, எங்கோ கப்பல் கவிழ்ந்தது, அவற்றுக்கும் கேள்வி வந்தது. அப்படிப்பட்ட கேள்விகளுக்குத்தான் காசு போடுகிறவர்களும் அதிகம். அரபு மொழி பார்க்கிறவர் ஒருநாள் மதியச் சாப்பாட்டை மூடி வைத்துவிட்டு வெளியே போய் நின்றார். நான் என் பாணும் பழுப்புச் சீஸுமாக இருந்தபடி அவரைப் பாவம் என்று நினைத்தேன்.

எனக்கு என் தொல்க் பயிற்சி கைகொடுத்தது என்று வைத்துக்கொண்டேன். நீதிமன்றத்தில் ஒருவன் "நான் அடித்தேன்" என்று சொன்னால் நானும் "நான் அடித்தேன்" என்றுதான் சொல்ல வேண்டும். அடித்தது நானல்ல, நான் வாய் மட்டும். இதையும் அதே மாதிரி எடுத்தேன். இது எவ்வளவு பெரிய பிழை என்று பிறகுதான் விளங்கியது.

2. தங்கம்

ஒரு கார்த்திகை மாதம். இங்கே பிற்பகல் மூன்றரைக்கே இருட்டிவிடும். அங்கே வன்னியில் விடாத மழை. ஒரு குளத்தின் கட்டு உடைந்து கீழே இருந்த கிராமத்துக்குள் வெள்ளம் புகுந்தது. செய்தி வந்த அன்றே, ஒஸ்லோவின் வெஸ்ட்லிப் பக்கத்தில் எங்கள் சனத்தின் எல்லாக் காரியத்துக்கும் முன்னுக்கு நிற்கிற தேவி அக்கா ஆட்களைத் திரட்டிவிட்டா. மண்டபம் எடுத்து, ரோல்ஸும் பற்றிஸும் பொரித்து விற்று நிவாரணத்துக்குக் காசு சேர்த்தார்கள். நானும் போய் வெங்காயம் உரித்தேன். அடுத்த நாள் அலுவலகத்துக்கு வந்தால், என் திரையில் அதே வெள்ளம் கேள்வியாக நின்றது.

மாத முடிவுக்குள் இறந்தவர்களின் தொகை ஒரு குறித்த எண்ணைத் தாண்டுமா என்பதுதான் கேள்வி. அந்த எண்ணை நான் இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் நீங்களும் அதை மனதுக்குள் கூட்டிக் கழிக்கத் தொடங்கிவிடுவீர்கள். நான் அதைத்தான் செய்தேன்.

சில நாட்களில் அரசாங்கம் அறிவித்த தொகை சரியாக அந்த எண்ணிலேயே வந்து நின்றது. தாண்டுவதற்கு இன்னும் ஒருவர் தேவை. காணாமல் போனவர்களிலும் மிச்சம் ஒரே ஒருவர். பெயர் சிவநேசன். உழவு இயந்திரத்தில் பெட்டி பூட்டி, வெள்ளத்தில் அகப்பட்ட சனங்களை மேட்டுக்கு ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தவர். கடைசித் தடவை மிஷினையும் அவரையும் வெள்ளம் அடித்துக்கொண்டு போனது. மிஷின் கிடைத்தது. அவர் கிடைக்கவில்லை.

ஆக, "ஆம்" என்றால் சிவநேசன் செத்துவிட்டார். "இல்லை" என்றால் அவர் இருக்கிறார், அல்லது கிடைக்கவில்லை. சந்தையில் இருந்த எல்லோருக்கும் இது தெரியும். கேள்விக்குக் கீழே ஆட்கள் கருத்து எழுதுவார்கள். அதில் அவருக்கு "டிராக்டர்காரன்" என்று பட்டம் வைத்து, "டிராக்டர்காரா, எனக்காக மூச்சைப் பிடி" என்று ஒருவன் எழுதியிருந்தான். அதற்குப் பலர் சிரித்திருந்தார்கள்.

எங்கள் விதி இது: அரசாங்கம் உறுதிப்படுத்த வேண்டும். அது தாமதமானால், குடும்பம் இறப்பை ஏற்றுக்கொண்டதற்கு நம்பத்தக்க சான்று இருந்தாலும் போதும்.

"குடும்பம் ஏற்றுக்கொண்டதா என்று எப்படித் தெரியும்?" என்று கூட்டத்தில் சின்ட்ரே கேட்டார்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். எங்கள் பழக்கவழக்கத்தை எடுத்துச் சொல்லி, வெள்ளைக்காரர் தலையாட்டிக் கேட்கும்போது நமக்கு ஒரு பெருமை வருமே, அது எனக்கு வந்தது. எழுந்து நின்று விளக்கினேன். எங்களில் ஒருவர் செத்தால் எட்டாம் நாள் அளவில் எட்டுச் செலவு செய்வோம். செத்தவருக்குப் பிடித்ததெல்லாம் சமைத்துப் படைத்து உறவுக்காரரோடு சாப்பிடுவது. அதைச் செய்தால் குடும்பம் ஏற்றுக்கொண்டது என்று அர்த்தம். செய்யவில்லை என்றால் இன்னும் எதிர்பார்க்கிறது.

பக்கத்தில் கார்த்திக் இருந்தான். மதுரைப் பக்கத்துப் பையன், சந்தையின் திரைகளை எங்களோடு இணைக்கிற மென்பொருள் வேலை. "எட்டாம் நாளா அக்கா? எங்க ஊர்ல பதினாறாம் நாள்தான் காரியம்" என்றான். அதற்கும் ஒரு விளக்கம் கொடுத்தேன்.

சின்ட்ரே மேசையில் தட்டினார். "வசந்தி, இது தங்கம்" என்றார்.

காணாமல் போனவர் என்ற சொல் எங்கள் சனத்துக்கு என்ன செய்யும் என்று எனக்கு ஒருவரும் விளங்கப்படுத்தத் தேவையில்லை. போரில் காணாமல் போன பிள்ளையின் படத்தை மடியில் வைத்துக்கொண்டு, மரணச் சான்றிதழ் வேண்டாம் என்று வீதியோரம் வருடக்கணக்காக இருக்கிற தாய்மாருக்காக, இதே ஒஸ்லோவில் குளிரில் மெழுகுவர்த்தி பிடித்து நின்றவள் நான். அந்த நான்தான் அன்றைக்குத் தங்கம் என்ற சொல்லைக் கேட்டு உள்ளுக்குள் பூரித்தேன்.

3. விசாரித்தது

சிவநேசனின் மனைவியின் தொலைபேசி எண் தேவி அக்காவிடம் இருந்தது. அவவின் ஒன்றுவிட்ட தங்கச்சியின் ஊர் அது.

"ஒருக்கா எடுத்து விசாரிப்பம் எண்டு பாக்கிறன்" என்றேன்.

"எடும் எடும். பாவம், ரெண்டு வார்த்தை ஆறுதலாக் கதையும்" என்று உடனே அனுப்பிவிட்டா. நம் சனம் அப்படித்தான். விசாரிக்கப் போகிறவரிடம் ஏன் என்று ஒருவரும் கேட்பதில்லை.

தொல்க் வேலையில் ஒரு முதல் வசனம் உண்டு. அறைக்குள் போனதும், இரண்டு பக்கத்துக்கும், நான் யார், யாருக்காக வந்திருக்கிறேன், இங்கே சொல்வதை வெளியே சொல்ல மாட்டேன் என்று சொல்ல வேண்டும். ஆயிரம் தடவை சொல்லியிருப்பேன். நித்திரையில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். அன்றைக்கு அதைச் சொல்லவில்லை.

"பிள்ளை, நான் நோர்வேயிலையிருந்து வசந்தி அக்கா கதைக்கிறன். தேவி அக்கா நம்பர் தந்தவா" என்றேன்.

அவள் பெயர் கலா. நான் யார் என்று அவள் திருப்பிக் கேட்கவில்லை. அழுதாள். அவர் கடைசியாகப் புறப்பட்டபோது தேத்தண்ணீர் ஊற்றி வைத்ததையும், வந்து குடிக்கிறேன் என்று சொல்லிப் போனதையும் சொன்னாள். பிறகு தன்னைத் தேற்றிக்கொண்டு, "நீங்கள் சாப்பிட்டியளோ அக்கா? அங்கை இப்ப குளிரெல்லோ" என்று என்னைக் கேட்டாள்.

நானும் ஆறுதல் சொன்னேன். அதில் பொய் இல்லை. அழுகை வந்தது என்பதற்காக நான் செய்தது ஒன்றும் குறைந்துவிடவில்லை. ஏனென்றால் ஆறுதலோடு ஆறுதலாக, எங்கள் பெண்கள் கேட்கிற அதே குரலில், கேட்டேன்: "எட்டுக்கு என்ன பிள்ளை யோசிச்சிருக்கிறியள்?"

"ஏன் அக்கா, உங்களுக்கு ஏதும் தெரியுமோ?"

"இல்லையில்லை. சும்மா கேட்டனான்."

"அவர் வருவார் அக்கா. நான் பொட்டு எடுக்கேல்லை. எட்டெண்டால் எந்த நாளிலையிருந்து எண்ணுறது? சொல்லுங்கோ."

தெய்வத்தைக் கும்பிடு பிள்ளை என்று சொல்லி வைத்துவிட்டு, அறிக்கை எழுதினேன். "குடும்பத்துடன் நேரடித் தொடர்பு. சடங்கு எதுவும் நடக்கவில்லை. மனைவி இறப்பை ஏற்கவில்லை." சுத்தமான நோர்வேஜிய மொழியில், ஒரு எழுத்துப் பிழை இல்லாமல்.

4. எழுபது

அடுத்த நாள் காலை கார்த்திக் தன் திரையைத் திருப்பிக் காட்டினான்.

"இத பாருங்க அக்கா. நம்ம அப்டேட் போன உடனே மார்க்கெட் மூவ் ஆயிடுச்சு. எண்பதுல இருந்த 'ஆம்' முப்பதுக்கு வந்துடுச்சு. 'இல்லை' இப்ப எழுபது."

எல்லாம் என் மூன்று வசனத்தால். நானும் திரையை வியந்து பார்த்தேன். வியந்தேன் என்பதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

சில நாட்களில் கலாவே எனக்கு எடுத்தாள். குரல் வேறு மாதிரி இருந்தது, ஓடி வந்தவள் போல.

"அக்கா, கனடாவிலை எங்கடை சித்தப்பாவின்ரை மகன் ஒரு படம் அனுப்பினவன். வெளிநாட்டு வெப்சைற்றிலை இவரைப் பற்றிப் போட்டிருக்காம். இங்கிலீசிலை கிடக்கு. உயிரோடை இருக்க எழுவது வீதம் எண்டு போட்டிருக்காம். நீங்கள் கொம்பியூட்டர் வேலை எண்டு தேவி அக்கா சொன்னவா. உண்மையோ அக்கா?"

நான் வாய் திறக்க முன் அவளே அடுத்ததைக் கேட்டாள்.

"ஆர் அக்கா பாத்தது? சற்றலைற்றோ?"

அவளுக்கு அப்படித்தான் தோன்றியிருக்கிறது. வெளிநாட்டுக்காரர் மேலேயிருந்து ஏதோ கருவியால் பார்த்திருக்கிறார்கள், காட்டுக்குள் ஒரு மரத்தில் அவரைக் கண்டிருக்கிறார்கள், அதனால்தான் எண் போட்டுச் சொல்கிறார்கள். நம்பாமல் என்ன செய்வாள்? எழுபது என்று சொல்கிறவன் ஏதோ ஒன்றைப் பார்த்துத்தானே சொல்ல வேண்டும்.

அந்த எழுபது எங்கிருந்து வந்தது என்று உலகத்தில் எனக்கு மட்டும்தான் முழுதாகத் தெரியும். அவர் வருவார் என்று அவள் என்னிடம் சொன்னாள். நான் அதை ஒஸ்லோவில் எழுதிக் கொடுத்தேன். முன்பின் தெரியாதவர்கள் அதை வாசித்துக் காசை "இல்லை" பக்கத்துக்கு மாற்றினார்கள். கனடா வழியாக அது திரும்ப அவளிடமே போய்ச் சேர்ந்தது. அவளுடைய நம்பிக்கையைத்தான் நாங்கள் இலக்கமாக்கி அவளுக்கே அனுப்பியிருந்தோம்.

"இன்னும் சரியாத் தெரியாது பிள்ளை" என்று மட்டும் சொன்னேன். அதன்பிறகு ஒவ்வொரு காலையும் எடுத்தாள். "இண்டைக்கு எவ்வளவு அக்கா?" நான் திரையைப் பார்த்துச் சொல்வேன். அறுபத்தெட்டு என்றால் அவள் குரல் இறங்கும். எழுபத்திரண்டு என்றால், "நான் சொன்னனானெல்லோ" என்பாள். அதைக் கேட்டுவிட்டு நான் பகல் முழுக்க வேலை செய்வேன்.

ஒருநாள் கார்த்திக்கிடம் கேட்டேன். "தம்பி, நீ இதிலை காசு போட்டிருக்கிறியோ?"

எங்களுக்கு அது தடை. அவன் முகம் கறுத்துவிட்டது. "சின்ன அமௌன்ட்தான் அக்கா. 'இல்லை' பக்கம்தான் போட்டேன். அவர் உயிரோட வரணும்னுதான்."

ஒரு நிமிடம் எனக்கு அது ஆறுதலாகக்கூட இருந்தது. பிறகு யோசித்தேன். அந்த மனிதர் வந்தாலும் இவனுக்கு லாபம், வராமலே போய் உடம்பும் கிடைக்காவிட்டாலும் இவனுக்கு லாபம்.

"உடம்பு கிடைக்காட்டியும் உனக்குத்தானே வெற்றி?"

"அப்படி நினைக்கல அக்கா" என்றான். நினைக்கவில்லைதான். நல்ல பையன். அவனுக்கு நான் புத்தி சொல்லவில்லை, அதற்கு எனக்கு என்ன தகுதி இருந்தது?

5. கையில் கட்டிய நூல்

கிராமத்திலிருந்து தூரத்தில், ஆறு வளைகிற இடத்தில், ஒரு உடம்பு ஒதுங்கியது. பட்டணத்து ஆஸ்பத்திரியில் வைத்திருந்தார்கள். எனக்கு எடுத்துச் சொன்னவர் சிவநேசனின் தம்பி குணம்.

"முகம் பாக்கேலாது அக்கா. வலக்கையிலை கோயில் நூல் கட்டியிருக்கு. அண்ணைக்கு அண்ணிதான் கட்டிவிட்டவா. அவ வந்து முடிச்சைப் பாத்தாத்தான் சொல்லலாம். வரமாட்டன் எண்டு நிக்கிறா."

"ஏனாம்?"

"நோர்வே அக்கா ஒவ்வொரு நாளும் பாத்துச் சொல்லுறா, எழுவது வீதம் இருக்கிறார், நான் ஏன் பிணம் பாக்க வரவேணும் எண்டு கேக்கிறா. நீங்கள் சொன்னால்தான் வருவா. ஒருக்காச் சொல்லுங்கோ அக்கா. எவ்வளவு நாளைக்கெண்டு அவரை அங்கை போட்டு வைக்கிறது?"

அண்ணனை அடக்கம் செய்ய ஒருவர் என்னிடம் அனுமதிக்கு விண்ணப்பிக்கிற மாதிரி இருந்தது.

அன்று சின்ட்ரே என் மேசைக்கு வந்தார். நான் தமிழில் கதைப்பதைக் கவனித்திருக்கிறார். "குடும்பம் உன்னோடு தொடர்பில் இருக்கிறதா? அருமை. ஏதாவது தெரிந்தால் உடனே எனக்குச் சொல். அரசாங்கத்துக்கு முன்னால் எங்களுக்குத் தெரிந்தால் வாடிக்கையாளர் மகிழ்ந்துபோவார்."

இதுதான் நான் வந்து மாட்டிக்கொண்ட இடம். போய்ப் பார் பிள்ளை என்று அவளுக்குச் சொல்வதுதான் சரி. மனுசன் என்றால் அதைத்தான் சொல்ல வேண்டும். ஆனால் அதே வார்த்தையைத்தான் "ஆம்" பக்கத்தில் காசு போட்டவர்களும் அவளிடம் சொல்ல விரும்புவார்கள். நான் எதைச் சொன்னாலும் அது ஒருவனுக்கு வெற்றி. என் வாயில் கலப்பில்லாத ஒரு சொல்கூட மிஞ்சவில்லை. அதை நானே செய்துகொண்டேன்.

படிக்கட்டில் போய் நின்று எடுத்தேன். கீழே பல் துளைக்கிற சத்தம். இந்தத் தடவை முதல் வசனத்தைச் சொன்னேன்.

"கலா, முதலிலை ஒண்டு சொல்லவேணும். நான் ஒரு ஒபீசிலை வேலை செய்யிறன். அந்த வெப்சைற்றுக்குத்தான் எங்கடை ஒபீஸ் வேலை செய்யிறது. அதிலை ஆக்கள் காசு கட்டுறவை. சிவநேசன் இருக்கிறாரோ இல்லையோ எண்டு. நான் உமக்கு முதல் நாள் எடுத்ததும் அதுக்காகத்தான்."

"என்ன சொல்லுறியள் அக்கா?"

"எட்டு எப்ப எண்டு கேட்டது, ஒபீசுக்கு எழுதிக் குடுக்க."

அவள் கேட்டாள்: "அப்ப அந்த எழுவது?"

"அது நீர்தான் பிள்ளை. அவர் வருவார் எண்டு நீர் சொன்னதை நான் எழுதினன். அதை வாசிச்சுத்தான் அவை அப்பிடிக் கட்டினவை."

"சற்றலைற் இல்லையோ?"

"இல்லை."

"அப்ப ஒருதரும் அவரைக் காணேல்லை."

"ஒருதரும் காணேல்லை பிள்ளை."

கத்துவாள், திட்டுவாள் என்று காத்திருந்தேன். அவள் திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுகமாக இருந்திருக்கும். அழவும் இல்லை. ஒரு சேவல் கூவுகிற சத்தமும் யாரோ வாளி இழுக்கிற சத்தமும் கேட்டன.

"நான் போய்ப் பாக்கிறன்" என்றாள். "நான் போறன் எண்டு உங்கடை ஒபீசுக்குச் சொல்லாதேங்கோ."

சொல்ல மாட்டேன் என்றேன். சின்ட்ரே கேட்டபோது, குடும்பம் சொன்னது எனக்குத் தெரியும், ஆனால் இரகசியம் காக்கும் கடமை இருக்கிறது, சொல்ல முடியாது என்றேன்.

"நீ இங்கே தொல்க் இல்லையே, வசந்தி" என்றார். கோபமாக இல்லை, குழம்பிப்போய்.

"தெரியும்" என்றேன். "அதுதான் பிழை."

அவர் அதற்குமேல் வற்புறுத்தவில்லை. அரசாங்க அறிவிப்பைப் பார்க்கும்படி கார்த்திக்கிடம் விட்டார். சில நாட்களில் அறிவிப்பு வந்தது, நூல் அடையாளம் காட்டப்பட்டது என்று. "ஆம்" என்று கேள்வி மூடப்பட்டது. "ஒருவழியாக, டிராக்டர்காரா" என்று ஒருவன் எழுதினான். கார்த்திக் அன்று தலையைக் குனிந்துகொண்டே வேலை செய்தான். அது வெள்ளிக்கிழமை. சின்ட்ரே வழக்கம்போலக் கறுவா பன் கொண்டுவந்தார். நானும் ஒன்று எடுத்துச் சாப்பிட்டேன். அதையும் எழுதத்தான் வேண்டும்.

6. பிள்ளைகளுக்கு

நான் மேசையில் அடித்துவிட்டு வெளியேறியதாக நினைக்காதீர்கள். விலகல் கடிதம் கொடுத்து, ஒப்பந்தப்படி மிச்சக் காலத்தையும் வேலை செய்துதான் வந்தேன். கடைசி நாள் எனக்குப் பூங்கொத்தும் தந்தார்கள்.

இந்தச் சந்தைகளைப் பற்றி நியாயம் சொல்கிறவர்கள் உண்டு. காசு போடுகிறவன் கவனமாக யோசிப்பான், அதனால் அந்த எண் பத்திரிகையைவிட உண்மையாக இருக்கும் என்பார்கள். தேர்தலுக்கு அப்படி இருக்கலாம், எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்தது ஒரு எண். அதற்குள் இருந்தது ஒரு பெண் சொன்ன ஒரு வார்த்தை, அதுவும் நான் களவாக எடுத்தது.

வேலையைப் பற்றி நான் உங்களுக்குச் சொல்லக்கூடியது இவ்வளவுதான். ஒரு மனிதரிடம் ஒன்றைக் கேட்கும் முன், நீங்கள் யார், யாருக்காகக் கேட்கிறீர்கள் என்று முதலில் சொல்லுங்கள். அதைச் சொன்னால் அந்தக் கேள்வியைக் கேட்க முடியாமல் போகும் என்று தோன்றினால், அந்த வேலை உங்களுக்கு வேண்டாம். "என் பங்கு சின்னது, நான் பார்த்துச் சொல்கிறவள் மட்டும்" என்று நான் நினைத்தேன். என் பங்கு இல்லாமல் அது நடந்திருக்காது.

தேவி அக்காவுக்கு நானே போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவ தேத்தண்ணீர் தந்தா. அதன் பிறகு அவ எனக்கு ஒருவருடைய நம்பரும் தந்ததில்லை.

உடம்பு எடுத்து அடக்கம் செய்த பிறகு கலாவிடமிருந்து ஒரு குரல் பதிவு வந்தது. லில்லெஸ்ட்ரோம் ரயிலுக்குள் நின்றபடி கேட்டேன். குரலில் கோபம் இல்லை. ஊரில் முறையாகச் சொல்ல வேண்டியவர்களுக்கெல்லாம் சொல்கிற அதே குரல்.

"வசந்தி அக்கா, உடம்பு எடுத்த நாளிலையிருந்துதான் எண்ணினது. எட்டு வாற வியாழன். நீங்கள் கேட்டனீங்களெல்லோ, அதுதான் சொல்லுறன்."